ஐந்து விரலையும் விரித்துக் காட்டுக!

"கைப்பற்றினோம்" என்றொரு சொல் காவல்துறையின் அகராதியிலே உண்டு. அரிவாளைக் கைப்பற்றினோம், கள்ளச் சாராயத்தைக் கைப்பற்றினோம், கணக்கு நோட்டைக் கைப்பற்றினோம் என்று காலமெல்லாம் மகஜர் எழுதி வந்தவர்கள், இன்று செல்போனைக் கைப்பற்றினோம், மடிக்கணினியைக் கைப்பற்றினோம், பென் டிரைவைக் கைப்பற்றினோம் என்று எழுதுகிறார்கள். அரிவாள் என்றால் தொல்லையில்லை. நீளம் இவ்வளவு, பிடி மரத்தாலானது, நுனியிலே கறை என்று குறித்து, சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டு, அரக்கு வைத்துவிட்டால் தீர்ந்தது. நாளைக்கே அந்த அரிவாளின் நீளம் ஒரு சாண் வளர்ந்துவிடப் போவதில்லை.

செல்போன் அப்படியா? "கறுப்பு நிறச் செல்போன் ஒன்று, கண்ணாடியில் கீறல் உள்ளது" என்று எழுதிவிட்டால் எழுதவேண்டியதை எழுதியாகிவிட்டதா? ஓட்டையா எழுதினோம், ஓட்டையும் ஆடையும் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான கடிதங்கள், படங்கள், பேச்சுகள், கணக்குகள் அப்படியே இருக்கின்றன என்பதற்கு யார் பொறுப்பு? நேற்று எடுத்துப்போன பெட்டியிலே இன்று ஒரு கடிதம் கூடுதலாக இருந்தால், அதை எழுதியவன் பெட்டிக்குச் சொந்தக்காரனா, பெட்டியைத் தூக்கிப் போனவனா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு வழி இருக்கிறது. விஞ்ஞானம் அந்த வழியைக் கண்டுபிடித்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நமது நாட்டுச் சட்டப் புத்தகத்திலே அதன் பெயர் ஏறி இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன. மக்களுக்குத்தான் அதைச் சொல்வாரில்லை.

அதன் பெயர் ஹாஷ். ஆங்கிலத்திலே அந்தச் சொல்லுக்குக் கொத்திக் கலக்குவது என்று பொருள். நம் ஊர்த் தெருமுனைக் கடையிலே பரோட்டாவைக் கல்லில் போட்டுக் கொத்துகிறார்களே, அதேதான். கொத்திய பரோட்டாவை மறுபடி முழுப் பரோட்டாவாக்க முடியுமா? முடியாது. ஹாஷும் அப்படி. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு வரித் தந்தியானாலும், மூன்று மணி நேரத் திரைப்படமானாலும், அதைக் கணித முறைப்படி கொத்திக் கலக்கி, குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்குகிறது கணிப்பொறி. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையானால் அந்த எண்ணை எழுத 64 எழுத்து இடம் வேண்டும். 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் அதிலே கலந்து வரும். எண்ணிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற வழி கிடையாது. ஆனால் பரோட்டாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. அதே கோப்பை இன்று கொத்தினாலும், பத்தாண்டு கழித்துக் கொத்தினாலும், தாம்பரத்தில் கொத்தினாலும் டோக்கியோவில் கொத்தினாலும், அதே எண்தான் வரும். கோப்பிலே ஒரே ஒரு புள்ளியை மாற்றிப் பாருங்கள். எண் அடியோடு மாறிவிடும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உறவு முறையே தெரியாது.

இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே எண் வந்துவிடாதா என்று கேட்கலாம். எஸ்.எச்.ஏ.-256 முறையில் வரக்கூடிய எண்களின் தொகை, எழுதிப் பார்த்தால் 78 இலக்கம் நீளும். தற்செயல் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

ஆக, ஒரு பொருளைக் கைப்பற்றும்போதே, சொந்தக்காரன் கண்ணெதிரே, அதன் உள்ளடக்கத்துக்கு ஹாஷ் எண் எடுத்து, மகஜரிலே எழுதி, ஒரு படியை அவன் கையிலே கொடுத்துவிட்டால், பிறகு வழக்குமன்றத்திலே அந்தக் கோப்பை மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். எண் ஒத்துவந்தால் கோப்பு மாறவில்லை. ஒத்துவராவிட்டால் எவனோ கைவைத்திருக்கிறான். வாதமில்லை, வம்பில்லை, "என்னை நம்புங்கள்" என்ற வேண்டுகோளும் இல்லை.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்துச் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. கணக்குதான் புதிது, கருத்துப் பழையது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்திலே, 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை என்று பள்ளிக்கூடத்திலே படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். தேர்தல் நடத்தினான் சோழன் என்று மேடையிலே பேசிக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறோம். அந்தச் சபையிலே பிராமணர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது, நிலமும் வேதமும் உள்ளவன்தான் நிற்க முடியும் என்பதை மேடையிலே எவரும் சொல்வதில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது அந்தக் கல்வெட்டு மோசடியை எப்படி அடைத்தது என்பதை. ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்க வேண்டும். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையிலே வாங்க வேண்டும்! வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். அங்கிருப்போரும் படிக்க வேண்டும்.

ஏன் ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கிலே வேறொரு ஓலையை ஒளித்து வைத்திருப்பான் என்ற அய்யம்தான்! மத்தியஸ்தன் நல்லவன், நம்பத்தக்கவன், ஊர்ப் பெரியவன் என்று தெரிந்தும் விரலை விரி என்றார்கள். அவனை அவமதிப்பதற்காக அல்ல. அவன் நேர்மையை ஊரார் கண்ணாலே காணட்டும் என்பதற்காக. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டுக் கிராமம் ஒன்று ஊர்ப் பெரியவனிடம் கேட்டதை, இன்று நாம் ஒரு உதவி ஆய்வாளரிடம் கேட்கக் கூடாதா?

செப்பேடுகளையும் எண்ணிப் பாருங்கள். திருவாலங்காட்டிலே கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. ஏடுகளைத் துளையிட்டு, ஒரே வளையத்திலே கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடியிருக்கிறார்கள். இடையிலே ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமானால் வளையத்தை அறுக்க வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும். எங்கோ போவானேன், நம் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலிலே, தூங்கானை மாடம் என்று சொல்லப்படும் யானை முதுகு போன்ற விமானத்தின் சுவரைச் சுற்றிப் பாருங்கள், சோழர் காலத்து எழுத்துகள் கல்லிலே கிடக்கின்றன. கொடுத்ததை ஊரார் பார்க்கும் சுவரிலே வெட்டி வைத்தார்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2000-ஆம் ஆண்டிலே தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவிலேயே ஹாஷ் என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள்: ஒரே ஆவணத்துக்கு எப்போதும் ஒரே விடை வரவேண்டும், விடையிலிருந்து ஆவணத்தை மீட்க முடியக் கூடாது, இரண்டு ஆவணங்கள் ஒரே விடையைத் தரக் கூடாது என்று. நல்ல விளக்கம். சாட்சியச் சட்டத்திலும் அப்போதே 65-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கணிப்பொறிப் படியைச் சாட்சியமாகக் கொடுப்பவர் சான்றிதழ் ஒன்றும் தரவேண்டும் என்றார்கள். பதினான்கு ஆண்டுகள் அதை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. 2014 செப்டம்பரிலே, கேரளத்து ஏறநாடு சட்டமன்றத் தொகுதித் தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எதிர் வேட்பாளரின் பிரசாரப் பாட்டுகளையும் பேச்சுகளையும் குறுந்தகட்டிலே பதிந்து கொண்டுவந்து நீட்டினார் பி.வி. அன்வர். சான்றிதழ் எங்கே என்று கேட்டது மன்றம். இல்லை. தகடும் செல்லாது, வழக்கும் செல்லாது என்று தீர்ந்தது. 2020 ஜூலையிலே மற்றொரு தேர்தல் வழக்கிலும் அதே சட்டத்தை உறுதி செய்தார்கள். அரசியல் கட்சிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எதிராளி பணம் கொடுத்த காட்சியை நூறு செல்போனிலே படமெடுத்து வைத்திருந்தாலும், சான்றிதழ் இல்லாவிட்டால் அது கல்யாண வீட்டு வீடியோவுக்குச் சமம்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய சாட்சியச் சட்டம் போய், புதியது வந்துவிட்டது. பாரதிய சாட்சிய அதினியம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மாடம்பாக்கத்துக்காரர் ஒருவர் தம்மைக் காக்கும் சட்டத்தின் பெயரையே மூச்சு வாங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் கிடக்கட்டும். அதன் 63-ஆவது பிரிவின்படி, கணிப்பொறி, செல்போன் சாட்சியம் எதுவானாலும் சான்றிதழ் வேண்டும். சான்றிதழின் முதற்பகுதியைச் சாட்சியம் தருபவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் ஹாஷ் எண்ணை எழுத வேண்டும். எந்த முறையிலே கணக்கிட்டது என்று குறிக்கக் கட்டங்கள் போட்டிருக்கிறார்கள்: எஸ்.எச்.ஏ.-1, எஸ்.எச்.ஏ.-256, எம்.டி.5, சட்டம் ஏற்கும் பிற முறை.

வரவேற்கத்தக்கது என்று கைதட்டலாம். தட்டுவதற்கு முன் அந்தக் கட்டங்களை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

எம்.டி.5 என்பதை 1991-இலே வகுத்தவர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ரொனால்டு ரிவெஸ்ட். அந்தக் காலத்துக்கு அருமையான வேலை. 2004-இலே சீனத்துப் பெண் கணித வல்லுநர் வாங் சியாவோயுன் தம் தோழர்களோடு அமெரிக்க மாநாட்டிலே எழுந்து நின்று, இரண்டு வேறு வேறு செய்திகளுக்கு ஒரே எம்.டி.5 எண் வரும்படி செய்து காட்டினார். அன்றோடு அந்தப் பூட்டின் மானம் போயிற்று. போனது கௌரவம் மட்டுமன்று. 2012-இலே கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்னும் உளவு நிரல், அந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கையொப்பம் போலவே கள்ளக் கையொப்பம் போட்டுக்கொண்டு கணிப்பொறிகளுக்குள் நுழைந்தது. எஸ்.எச்.ஏ.-1 மட்டும் என்ன வாழ்ந்தது? 2017 பிப்ரவரியிலே கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு மையத்தாரும் சேர்ந்து, பார்வைக்கு வேறுபட்ட இரண்டு பி.டி.எஃப். ஆவணங்களை உருவாக்கி, இரண்டுக்கும் ஒரே எஸ்.எச்.ஏ.-1 எண் வருவதை உலகத்துக்குக் காட்டினார்கள். அமெரிக்க அரசின் தர நிறுவனமே, 2030 முடிவதற்குள் அந்த முறையை அடியோடு கைவிடுங்கள் என்று 2022 டிசம்பரிலே அறிவித்துவிட்டது.

இத்தனையும் நடந்த பிறகு, 2023-இலே சட்டம் இயற்றியவர்கள், உடைந்துபோன இரண்டு பூட்டுகளையும் புதுப் பூட்டோடு சேர்த்து, "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தட்டிலே வைத்து நீட்டியிருக்கிறார்கள்!

அநியாயமாகக் குறை சொல்லக் கூடாது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பின் எம்.டி.5 எண்ணுக்குப் பொருந்தும்படி வேறொரு கோப்பைச் செய்வது இன்றும் எவராலும் முடிந்ததில்லை. முடிந்தது என்னவென்றால், ஒரே ஆள் இரண்டு கோப்புகளையும் தானே முன்கூட்டி இணையாகத் தயாரித்து, இரண்டுக்கும் ஒரே எண் வரச் செய்வது. அப்படியானால் பாதகமில்லையே என்பார்கள் சிலர். பாதகம் இங்கேதான் இருக்கிறது. சாட்சியத்தைத் தயாரிப்பவனே மோசடிக்காரனாக இருக்கும் வழக்கிலே, போலி ஒப்பந்தத்தைத் தானே தட்டச்சு செய்து வருபவன் விஷயத்திலே, அந்த முறை அவனுக்குத் துணைபோகும். சாட்சியச் சட்டம் நல்லவனுக்காகவா எழுதப்படுகிறது? நல்லதொரு முறை அருகிலேயே இருக்கும்போது, செலவும் கூடாதபோது, பழையது எதற்கு? இரண்டு கட்டங்களை அடித்துவிடுங்கள். ஒரு சிறு திருத்தம், அவ்வளவே.

இனி, நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம்.

திருச்சி மாவட்டம் விரகாலூரிலே 1937-இலே பிறந்தவர் ஸ்டான் சாமி. பாதிரியார். சார்க்கண்டு ஆதிவாசிகளின் நிலத்துக்கும் காட்டுக்கும் வாதாடி வாழ்ந்தவர். பீமா கோரேகான் வழக்கு என்று சொல்லப்படுவதிலே, 2020 அக்டோபரிலே, 83-ஆம் வயதிலே, நடுக்குவாத நோயோடு கைது செய்யப்பட்டார். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழல் வேண்டுமென்று மனுப்போட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார். பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5-ஆம் நாள் மும்பை மருத்துவமனையிலே மறைந்தார். வழக்கின் விசாரணை அன்றுவரை தொடங்கவே இல்லை.

அவர்மீதும், அதே வழக்கில் 2018 ஜூனில் கைதான ரோனா வில்சன் மீதும், மற்றவர்கள் மீதும் வைக்கப்பட்ட பெரிய சாட்சியங்கள் எவை? கணிப்பொறிகளிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள்! கைப்பற்றிய இடத்திலேயே ஹாஷ் எண் எடுத்துத் தரவில்லை என்பது பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர்கள் தொடக்கம் முதல் சொல்லிவந்த குறை. அரசுத் தரப்பு கொடுத்த வன்தட்டுப் படிகளை அமெரிக்காவிலுள்ள ஆர்செனல் கன்சல்டிங் என்னும் ஆய்வு நிறுவனத்திடம் அவர்கள் கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியிலே அறிக்கை வந்தது: வில்சனின் கணிப்பொறியிலே 2016 ஜூனிலேயே உளவு நிரல் புகுந்துவிட்டது, அதன் வழியே கடிதங்கள் வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கப்பட்டன, வில்சன் அவற்றைத் திறந்து பார்த்ததற்கே அடையாளமில்லை என்றது அறிக்கை. 2022 டிசம்பரிலே ஸ்டான் சாமியின் கணிப்பொறி பற்றியும் அறிக்கை வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஆவணங்கள் அவ்வாறே வைக்கப்பட்டன என்றது. 2019 ஜூன் 12-ஆம் நாள் புனே காவல்துறையினர் வந்து அந்தக் கணிப்பொறியைத் தூக்கிப்போனதற்கு முதல் நாள் இரவு, ஊடுருவியவன் தன் காலடித் தடங்களைத் துடைக்க முயன்றிருக்கிறான் என்றது! அதைப் படித்துப் பார்க்க அந்த முதியவர் இல்லை. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. ஆறரை ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பின் 2025 ஜனவரியிலே வில்சனுக்கு மும்பை உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆவேசத்திலே அதைத் தவறவிட்டுவிடக் கூடாது. கைப்பற்றிய அன்றே ஹாஷ் எடுத்திருந்தாலும், அதற்கு முன்பே எவனோ உள்ளே வைத்ததை அது காட்டிக்கொடுத்திருக்காது. ஹாஷ் எண் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த நாள், இந்த மணி முதல் இது மாறவில்லை. அதற்கு முன் நடந்ததைப் பற்றி அதற்கு வாயில்லை. அப்படியென்றால் அதனால் என்ன பயன் என்பீர்கள். பயன் பெரிது. எண் இருந்தால், "எடுத்துப்போன பிறகு வைத்தார்களா, முன்பே வைத்தார்களா" என்ற சண்டை பாதியாகக் குறைகிறது. முன்பே வைத்தது யார் என்பதை மட்டும் தேடினால் போதும். எண் இல்லையென்றால் இரண்டு கதவும் திறந்து கிடக்கும். குற்றம் சாட்டப்பட்டவனும் சந்தேகத்துக்குள்ளாவான், நேர்மையான காவல் அதிகாரியும் சந்தேகத்துக்குள்ளாவார். ஆக, அந்த அதிகாரியைக் காப்பாற்றுவதும் இந்த 64 எழுத்துதான். காவல்துறைக்கு எதிரான கோரிக்கை என்று இதை எவரும் திரிக்க வேண்டாம்.

சம்பவ இடத்திலே ஹாஷ் எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒரு மறுப்பு வரும். அதிலே உண்மை இல்லாமலில்லை. பெரிய வன்தட்டு ஒன்றை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து எண் கணக்கிட மணிக்கணக்கில் ஆகும். செல்போனோ, அதைத் திறந்த மாத்திரத்திலே உள்ளே ஏதேனும் மாறிக்கொண்டே இருக்கும் பொருள். ஒருமுறை எடுத்த எண் மறுமுறை வராது. அதனால்தான் முதலிலே ஒரு படி எடுத்து, அந்தப் படிக்கு எண் குறிக்க வேண்டும் என்கிறார்கள் அறிந்தவர்கள். சரி, அங்கேயே முடியாதென்றால், பெட்டியைச் சொந்தக்காரன் முன்னிலையிலே உறையிட்டு, அவனும் உறைமீது கையெழுத்திட்டு, ஆய்வுக்கூடத்திலே அவனோ அவன் வழக்கறிஞரோ பார்க்க உறையைப் பிரித்து, அங்கே எண் எடுத்துப் படி கொடுக்கட்டுமே. தேடுதலையும் கைப்பற்றுதலையும் படம்பிடித்தாக வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவே கட்டளையிடுகிறது. படம்பிடிக்கக் கையிலே செல்போன் இருக்கிறது. எண் எழுத மகஜரிலே ஒரு வரி இல்லையா?

மாடம்பாக்கத்துக்கு வருவோம். 2021-இலே பேரூராட்சியாக இருந்தது தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2022 முதல் நாளிலிருந்து தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமும் வந்துவிட்டது. ஏரிக்கரை ஓரமெல்லாம் வீடுகள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கண்காணிப்புக் கேமரா. சங்கிலி பறித்தவன் ஒருவன் ராஜகீழ்ப்பாக்கம் சாலையிலே பறந்து போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நல்ல மனிதர். தம் கேமராவிலே பதிந்ததைச் செல்போனுக்கு மாற்றி, வாட்ஸ்அப்பிலே காவல் நிலையத்துக்கு அனுப்புகிறார். கடமையைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். வாட்ஸ்அப் அந்தப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பது அவருக்குத் தெரியாது. சுருக்கிய படம் கண்ணுக்கு அதேதான். ஹாஷுக்கு அது வேறு படம். ஆறு மாதம் கழித்து வழக்கு நடக்கும்போது கேமராப் பெட்டியிலே பழைய பதிவு அழிந்திருக்கும், ஒப்பிட மூலமே இருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். கண்ணாலே கண்ட திருடன் காற்றோடு போவான். அந்தப் படத்தையே "ஆவணம்" என்ற வழியிலே அனுப்பியிருந்தால், அல்லது பென் டிரைவிலே நேரே எடுத்துக் கொடுத்திருந்தால், எண் மாறியிராது. இவ்வளவுதான் வேறுபாடு. இதைச் சொல்ல எந்தக் காவல் நிலையத்திலாவது ஒரு தட்டி தொங்குகிறதா?

கட்டட வேலைக்குப் போன பெண் ஒருத்தி. கூலியைத் தராமல் மேஸ்திரி மிரட்டிய பேச்சு அவள் போனிலே பதிந்திருக்கிறது. அவள் தொழிலாளர் வழக்குக்குப் போகிறாள். 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். முதற்பகுதியை யாரோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் பகுதிக்கு நிபுணர் கையெழுத்து! எங்கே இருக்கிறார் நிபுணர்? எவ்வளவு வாங்குவார்? பெறவேண்டிய கூலியைவிட நிபுணர் கூலி பெரிதானால், அந்தச் சட்டம் யாருக்கு? மேஸ்திரிக்கா, அவளுக்கா?

இதிலே தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்றும் இருக்கிறது; ஆங்கிலத்திலே சட்டம் எழுதுவோர் கனவிலும் கண்டிராத தொல்லை. "கொடு" என்று எழுதுங்கள். முதலெழுத்தாகிய "கொ"வைக் கணிப்பொறியிலே இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று; கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொன்று. திரையிலும் தாளிலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஹாஷுக்கோ இரண்டும் வேறு! இது போதாதென்று பாமினி, தாப், தாம், தஸ்கி என்று பழைய எழுத்துருக் குறியீடுகள் வேறு. 1999-இலே சென்னையிலே தமிழ்நெட் மாநாடு கூட்டி ஒழுங்கு செய்யப் பார்த்தோம். 2010-இலே செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் அரசு தரமாக்கியது. இருந்தும் அலுவலகங்களிலே பழைய எழுத்துருவிலே தட்டியதை மாற்றி, வெட்டி ஒட்டி, அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே தமிழ்த் தீர்மானத்தைத் தனித்தனியே தட்டச்சு செய்து, எண் ஒத்துவரவில்லை, எனவே ஒருவன் திருத்திவிட்டான் என்று வழக்காடினால் என்ன செய்வது? எண் மாறினால் கோப்பு மாறியது என்பது உண்மை. வாசகம் மாறியது என்று பொருளல்ல. வழக்குமன்றங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தமிழில் ஒப்பிடும்போது கோப்பை முழுதாக, வந்தபடியே ஒப்பிட வேண்டும். வாசகத்தைப் பிரதியெடுத்து ஒட்டி ஒப்பிடக் கூடாது.

ஒட்டுவது என்றதும் மற்றொன்றும் சொல்லவேண்டும். ஹாஷ் எண் எடுத்துத் தருகிறோம் என்று இணையத்திலே இலவசக் கடைகள் ஏராளம் திறந்திருக்கின்றன. வாசகத்தை ஒட்டு, கோப்பை ஏற்று, எண்ணை எடுத்துக்கொள் என்கின்றன. சில கடைகள் உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே கணக்கிட்டு முடித்துவிடுகின்றன. சில, கோப்பையே தம்மிடம் இழுத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. எது எப்படி என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் பதிவை, ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை, முகம் தெரியாத கடைக்காரனிடம் கொடுத்து எண் வாங்குவதா? தேவையே இல்லை. விண்டோஸ் கணிப்பொறியிலே செர்ட்யூடில் என்ற கருவி கூடவே வருகிறது; லினக்ஸிலே எஸ்.எச்.ஏ.256சம் என்ற கட்டளை இருக்கிறது. இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டே எண் எடுக்கலாம். கடவுச்சொல்லை அத்தகைய கடைகளிலே ஒட்டிப் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: ஒட்டிய சொல்லையும் வந்த எண்ணையும் இணைத்துப் பட்டியல் சேர்த்து வைக்கும் கடைகள் உண்டு. "தொலைபேசி எண்ணை ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம், ஆகவே இரகசியம்" என்று சொல்லும் நிறுவனங்களையும் நம்பவேண்டாம். பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான், அத்தனையையும் கொத்திப் பார்க்க இன்றைய கணிப்பொறிக்கு அதிக நேரம் பிடிக்காது.

டில்லி சட்டம் திருத்தும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். காவல்துறை மாநிலப் பட்டியலிலே இருக்கிறது. சாட்சியமும் குற்ற நடைமுறையும் பொதுப் பட்டியலிலே இருக்கின்றன. மூன்று புதிய சட்டங்களிலும் மாநிலத் திருத்தம் என்ன வேண்டும் என்று பார்க்க, ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையிலே 2024 ஜூலையிலே தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. சான்றிதழிலே எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 கட்டங்களை நீக்கும் திருத்தம் அந்த வழியிலே போகட்டும். மற்றதற்குச் சட்டமே வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். செல்போனையோ கணிப்பொறியையோ கைப்பற்றினால், எண் எடுத்த நாளும் மணியும் முறையும் குறித்த தமிழ்ச் சீட்டு ஒன்றை உரியவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு பத்தி. இ-சேவை மையங்களிலே பத்து ரூபாய்க்கு மேற்படாமல் ஹாஷ் எண் எடுத்து, அச்சிட்டுத் தரும் ஏற்பாடு. கூலி வழக்குக்கும் குடும்ப வன்முறை வழக்குக்கும் நிபுணர் கையெழுத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே இலவசமாகப் பெற ஏற்பாடு.

தாம்பரம் ஆணையரகம் புதியது. பழைய பழக்கம் இன்னும் வேர்விட்டிருக்காது. சேலையூர் காவல் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். இனி எவர் வீட்டுக் கதவையேனும் தட்டி, போனைக் கொடு என்று கேட்டால், கொடுங்கள். கொடுத்துவிட்டு, எண் எங்கே, சீட்டு எங்கே என்று கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தார் என்பதையே மகஜரிலே எழுதச் சொல்லி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.